அறப்பளி கேட்கப் போன கேள்வி

மாவட்டப் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்த காலையில் அறப்பளியின் மகள் கவிதாவின் அழைப்பு வந்தது. "பெரியப்பா, அப்பா போயிட்டாருங்க" என்றாள். விடியலில் நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்திருக்கிறது. பிறகு தணிந்த குரலில் கேட்டாள்: "அம்மாகிட்ட யாருங்க சொல்றது?"

மலைமேலுள்ள செம்மேட்டிலிருந்து எங்கள் நாளிதழுக்குப் பல ஆண்டுகள் செய்தி அனுப்பிய அறப்பளியை உங்களில் பலர் அறிவீர்கள். அவர் மனைவி பூவாயியை அறிந்தவர்கள் குறைவு. கவிதா கைக்குழந்தையாக இருந்தபோதே, பூவாயி வேறொருவருடன் வாழ, அதே மலையில் இன்னொரு ஊர்த் தொகுதியான ஆலத்தூர் நாட்டுக்குப் போய்விட்டார். மலையில் இது புதிதல்ல. ஊர் கூடும், பரிசம் திரும்பும், பிள்ளை தகப்பனிடம் நிற்கும், போனவள் அந்த வாசலை மறுபடி மிதிப்பதில்லை. அறப்பளி வீட்டிலும் அப்படித்தான் தீர்ந்தது.

செய்தியில் அவர் பிடிவாதக்காரர். மிளகு வியாபாரி ஒருவர் எடையில் ஏமாற்றுவதாக ஒருமுறை விவசாயிகள் சொன்னார்கள். மாவட்டப் பக்கத்தில் இடம் விட்டுக் காத்திருந்தேன். "அந்த ஆளு ராசிபுரம் போயிருக்கறாருங்கண்ணா. வந்ததும் ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்பறேன்" என்றார். மறுநாள் வேறொரு பத்திரிகையில் அது வந்துவிட்டது. கோபப்பட்டேன். "ஒரு பக்கம் கேட்டு எழுதினா அது சேதியில்லீங்கண்ணா, வம்பு" என்றார்.

நிரந்தர வேலைக்குப் பட்டம் வேண்டும் என்று நிர்வாகம் சொன்னதால், நாற்பதைக் கடந்தபின் தொலைதூரக் கல்வியில் சேர்ந்தார். பாடத்தில் ஒரு நாடகம் இருந்தது. திருமணத்தைப் பற்றிய, பழைய, பெயர்பெற்ற நாடகம். கடைசிக் காட்சியில் மனைவி வண்டியேறிப் போய்விடுகிறாள். கணவன் மேடையில் தனியே நின்று நெடுநேரம் பேசுகிறான். நான் மலைக்குப் போயிருந்த ஒரு சந்தை நாளில், பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அதைப் படித்துக்கொண்டிருந்தவரைக் கடைக்காரர் சும்மா விடவில்லை.

"பொண்டாட்டி போன கதையப் பணங்கட்டிப் படிக்கறியாக்கும்? எங்கிட்டக் கேட்டா உங்கதையவே டீயோட சேத்துச் சொல்லியிருப்பனே."

எல்லோரும் சிரித்தார்கள். அறப்பளியும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நாடகத்துல அந்தப் புருசன் மானம் போச்சுங்கறான், ஊரு என்ன பேசும்ங்கறான். நீ எதுக்குப் போறேன்னு அவளை ஒரு வார்த்த கேக்கலீங்கண்ணா." டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நானும் கேக்கலீங்க" என்றார். "ஊர்க்கூட்டத்துல, புள்ள எனக்குன்னு சொன்னதோட செரி."

மரவள்ளியில் மாவுப்பூச்சி விழுந்திருந்த சமயம் இருவரும் ஆலத்தூர் நாட்டுக்குச் செய்தி எடுக்கப் போனோம். திரும்பும் வழியில் ஒரு மரவள்ளிக் காட்டருகே ஜீப்பை நிறுத்தச் சொன்னார். பூவாயி களை கொத்திக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்ல. அன்னிக்கு நீ எதுக்குப் போனேன்னு கேக்கலாம்னு வந்தேன்."

பூவாயி என்னைப் பார்த்தார். "பேப்பர்ல போடவா?"

"இல்ல. எனக்கு."

"கூட்டத்துல அத்தன ஆம்பளைங்க இருந்தாங்க. அன்னிக்குக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எம் புள்ளயக் கண்ணுல காட்டறேன்னு வந்திருந்தாலாச்சும் ஒரு வாய் தண்ணி குடுத்திருப்பேன்." மறுபடி குனிந்து கொத்தத் தொடங்கினார்.

ஜீப்பில் ஏறியதும், "கேட்டுட்டியே" என்றேன். "சேதி பழசாப் போச்சுங்கண்ணா" என்றார். கவிதாவை ஒருநாள் அம்மாவிடம் அழைத்துப் போகலாமே என்றதற்கு, "பெரியவங்க ஒத்துக்கணும். கவிதா கல்யாணத்துக்கு அவளுக்குச் சொல்லி விடலாம்" என்றார்.

தேர்வில் அந்த நாடகத்து மனைவியின் குணச்சித்திரத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். கணவன் கேட்காமல் விட்டதைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியதாகச் சொன்னார். அந்தத் தாளில் தேறவில்லை. மறுபடி எழுதவுமில்லை. வேலை நிரந்தரமாகவில்லை. கவிதாவின் கல்யாணமும் அவர் இருக்கும்வரை கூடிவரவில்லை.

பூவாயிக்கு நான்தான் சொல்லி அனுப்பினேன். வந்தார். வாசலுக்கு வரவில்லை, ரோட்டோரப் பலா மரத்தடியில் நின்றுகொண்டார். "அங்கயே நிக்கட்டும்" என்று ஒரு பெரியவர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். உடலைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அதுல எம் மக எதுங்க?"

தலைமாட்டில் பச்சைச் சுடிதாரில் இருந்தவளைக் காட்டினேன். பாடை தெருவைக் கடக்கும்வரை பூவாயியின் கண் வேறெங்கும் போகவில்லை. பிறகு யாரிடமும் சொல்லாமல் நடந்துவிட்டார்.

காரியம் முடிந்தபின் கவிதா போனில் பேசினாள். "அம்மா எதுனாச்சும் கேட்டாங்களாங்க, பெரியப்பா?" கேட்டதை அப்படியே சொன்னேன். பிறகு, "ஆலத்தூர் நாட்டுல எந்த ஊருங்க?" என்றாள்.

ஒவ்வொரு செய்தியையும் அச்சுக்கு அனுப்புமுன், யாரைக் கேட்காமல் விட்டோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அறப்பளியிடமிருந்து எனக்குத் தங்கியது அது. கேட்பதற்கும் ஒரு காலம் உண்டு என்பதையும் அவரிடம்தான் கண்டேன். கவிதாவுக்கு ஊரைச் சொன்னேன், காட்டுக்குப் போகும் தடத்தைச் சொன்னேன்.

"கல்யாணம் வரட்டும்னு இருக்காதே. இன்னிக்கே போ, கண்ணு" என்றேன்.