இருதயம் தின்கிற பிராணியா நான் நடிச்சது

போன வருசத்து நவராத்திரி வாணி விழாவுக்குப் பெற்றோரும் ஊர்ச்சனமும் சேர்ந்து ஒரு நாடகம் போடவேணும் எண்டு பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த சரித்திர ரீச்சர் ஒற்றைக்காலில நிண்டா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எங்கட தர்மபுரத்துக்கு வந்து மூண்டு மாதம்தான். எங்கட பழைய நாடகம் ஒண்டும் வேண்டாமாம். எகிப்துக்காரர் செத்தால் பிறகு என்ன நடக்கும் எண்டதுதான் கதையாம். "அன்ரி, உங்கட குரலுக்கும் உடம்புக்கும் ஏத்த பாத்திரம் ஒண்டு இருக்கு" எண்டா. நானும் ஏதோ மகாராணியாக்கும் எண்டு நினைச்சு ஓம் எண்டுபோட்டன். பிறகுதான் போனில படத்தைக் காட்டினா.

முகம் முதலை, முன்பக்கம் சிங்கம், பின்பக்கம் நீர்யானை. பேர் அம்மிட்டாம். நல்லா இருக்குதே! முதலை எங்கட குளத்தில கிடக்குது, சிங்கத்தைக் கொடியில பாத்திருக்கிறம், நீர்யானையை ரீவியில கண்டிருக்கிறன். மூண்டையும் ஒண்டாச் சேர்த்துப்போட்டு என்னட்டைத் தாறா. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நேரமே எழும்பி வந்திருப்பன், ஆனால் பிள்ளை சிரிச்ச சிரிப்பில மனம் இளகிப் போச்சு.

செத்தவன்ர இருதயத்தைத் தராசில ஒரு பக்கம் வைப்பினமாம், மற்றப் பக்கம் ஒரு இறகாம். நான் களவெடுக்கேல்லை, பொய் சொல்லேல்லை, ஒருத்தரையும் அழவைக்கேல்லை எண்டு செத்தவன் ஒவ்வொண்டா ஒப்புவிக்கவேணும். இருதயம் இறகை விடப் பாரமெண்டால், தராசடியில குந்திக்கொண்டிருக்கிற இந்தப் பிராணி அதை லபக்கெண்டு விழுங்கிப்போடும். அதோட ஆள் இல்லை. எங்கட எமனெண்டாலும் கூட்டிக்கொண்டு போய் ஏதாவது ஒரு இடத்தில விடுவான். இது அப்பிடியில்லை, ஒரேயடியா முடிச்சுப்போடும்.

வேஷத்துக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. முதலைத் தலையை மட்டைப் பெட்டியில வெட்டினம். சிங்கத்துப் பிடரிக்குத் தென்னந்தும்பு. நீர்யானைக்கு ரெண்டு தலகணியைக் கட்டுவமோ எண்டு ரீச்சர் கேட்டா. "வேண்டாம் பிள்ளை, அது என்னட்டை ஏற்கெனவே இருக்கு" எண்டன். ரீச்சர் சிரிச்சுச் சிரிச்சு இருமத் தொடங்கிட்டா. இருதயத்துக்கு ஒரு வாழைப்பூப் பொத்தி, இறகுக்கு மயிலிறகு. வாழைப்பொத்தி பாரமாயிருக்கும் எண்டு மயிலிறகுத் தட்டுக்கு அடியில ஒரு கல்லை ஒட்டி வைச்சம். நியாயத் தீர்ப்புக்கே கள்ளத் தராசு!

செத்தவனா நடிக்க ரீச்சர் பிடிச்சுக்கொண்டு வந்த ஆளைக் கண்டதும் நான் முதலைத் தலையை எடுத்து மாட்டிக்கொண்டன். எங்கட வாய்க்காலில முறை வைச்சுத் தண்ணி திறந்துவிட்ட அண்ணை. கணீரெண்ட குரல் அவருக்கு. ரீச்சருக்கு ஊர்க்கதை ஒண்டும் தெரியாது, குரலைக் கேட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறா.

ஊர்க்கதை இதுதான். ரீச்சர் வாறதுக்கு முந்தின சிறுபோகம், அதாவது கோடை நெல்லு, கதிர் வாற நேரம், பக்கத்து வயல்காரிக்குத் தண்ணி முறை. வாய்க்காலில என்ர வயல் முதல், அவளின்ர வயல் அடுத்தது. தாய்தேப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலயிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து காடு வெட்டின சனம், புருசனில்லாதவள், ஒரு ஏக்கரை நம்பி ரெண்டு பிள்ளையளை வளர்க்கிறாள். அண்டைக்கு அவள் தாயைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டாள், ஊர்ச்சனம் கோயில் பொங்கலில. முறைப்படி அவளுக்குப் போகவேண்டிய தண்ணி போகேல்லை. பத்து நாளைக்குப் பிறகு அடுத்த முறை வரேக்க பயிர் கருகி, பாதிக்கு மேல பதராப் போச்சு. தண்ணி திறக்கிற அண்ணைதான் அவளின்ர முறையை வேற ஆருக்கோ வித்துப்போட்டார் எண்டு அவள் வயல் செய்யிறவையின்ர கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில அழுதழுது சொன்னாள். சனமும் நம்பிச்சு. மனுசனை வேலையால நிப்பாட்டிச்சினம். பிறகு அவர் வாய்க்கால் றோட்டாலயே வாறேல்லை, பெரிய றோட்டால சுத்திப் போவார்.

அவர் விக்கேல்லை. மறிச்சது நான்.

என்ர வயலின்ர கிழக்கு மூலை காய்ஞ்சுபோய்க் கிடந்தது. ஒரு மணித்தியாலம், கூடிப்போனால் ஒண்டரை, பிறகு எடுத்துவிடுவம் எண்டு மண்ணோட நாலு புல்லுக்கட்டி வெட்டி வாய்க்காலுக்குக் குறுக்கால போட்டன். வீட்டை வந்து சாப்பிட்டுப்போட்டு, கண்ணை மூடித் திறக்கிறன் எண்டு சாய்ஞ்சனான், எழும்பேக்க பின்னேரம் நாலு மணி. ஓடிப்போய்க் கட்டியளை இழுத்து எறிஞ்சன். அதுக்குள்ள முறை முடிஞ்சு குளத்து மதகைப் பூட்டிட்டினம். அண்டைக்கு என்ர முறையும் இருந்ததால என்ர வயல் ஈரமாக் கிடந்தது ஒருத்தருக்கும் வித்தியாசமாத் தெரியேல்லை. கூட்டத்தில நான் ரெண்டாவது வரிசையில இருந்தனான். எனக்கு வெக்கம், வேற என்னத்தைச் சொல்ல. வாயாடி எண்டு பேரெடுத்தவளுக்கு அண்டைக்கு ஒரு சொல்லு வரேல்லை.

ஒத்திகையில அண்ணை தாளைப் பார்த்து வாசிச்சுக்கொண்டே வந்தார். நடுவில நிண்டிட்டார். அங்க என்ன எழுதியிருந்தது எண்டு நினைக்கிறியள்? உரிய காலத்துத் தண்ணியை நான் மறிக்கேல்லை எண்டு சொல்லவேணுமாம். எகிப்துக்காரரும் ஆத்துத் தண்ணியில பயிர் செய்த சனம்தானே, அவையளுக்கும் அது பெரிய பாவமாம்.

"ரீச்சர், இதை விட்டிடுவம்" எண்டார்.

"ஏன் ஐயா? எங்கட சனத்துக்கு இதுதானே நல்லா விளங்கும்" எண்டு அந்தப் பாலகி கேக்குது.

அவர் என்னையும் பாக்கேல்லை, ஒருத்தரையும் பாக்கேல்லை. தாளை மடிச்சுச் சட்டைப் பையில வைச்சார். "சரி, சொல்லுறன்" எண்டார். அந்த இடத்திலயாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. தும்புப் பிடரி கடிக்குது எண்டு கத்திக்கொண்டு வெளியில போயிட்டன்.

விழா அண்டைக்குப் பின்னேரம் மூண்டு மணிக்கு நாடகம். மண்டபம் நிரம்பி வழியுது. பக்கத்து வயல்காரி பிள்ளையளோட முன்னுக்கு இருக்கிறாள். நான் நாலு காலில தவண்டு மேடைக்கு வந்த உடன சின்னப் பிள்ளையள் வீரிட்டுக் கத்துதுகள், பெரியாக்கள் விழுந்து விழுந்து சிரிக்கினம். சும்மா சொல்லக்கூடாது, நான் நல்லா உறுமினன்.

அண்ணை தராசுக்கு முன்னால நிண்டு ஒவ்வொண்டாச் சொன்னார். களவெடுக்கேல்லை. பொய் சொல்லேல்லை. அந்த வரி வந்தது. சொன்னார். குரல் அப்பிடியே இறங்கிப் போச்சு.

"அப்ப தண்ணி என்ன, பறந்தே போனது?" எண்டு பின்னுக்கிருந்து ஆரோ கத்திச்சினம். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. முதலை வாய் ஓட்டைக்குள்ளால அவர் தாளைத் தேடித் தடவுறது எனக்குத் தெரியுது. அடுத்த வரி அவருக்கு வரேல்லை. அறுபது வயசு மனுசன், திருவிழாவில துலைஞ்ச பிள்ளை மாதிரி நிக்கிறார்.

"அவர் மறிக்கேல்லை! மறிச்சது நான்!" எண்டு தலைக்குள்ள இருந்து கத்தினன்.

ஐயோ, அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்கவேணும்! இருதயம் தின்ன வந்த பிராணி பழியைத் தன்ர தலையில போடுது எண்டு கைதட்டுகினம். ரீச்சர் திரைக்குப் பின்னால நிண்டு தாளைப் பிரட்டிப் பிரட்டித் தேடுறா, அப்பிடி ஒரு வரி எழுதின ஞாபகம் இல்லை அவவுக்கு.

முதலைத் தலையைக் கழட்டினன். தும்பு தலைமயிரில சிக்கி நல்லா நோகப் பண்ணிச்சு. எழும்பி நிண்டு திரும்பவும் சொன்னன். கோயில் பொங்கல் நாள், நாலு புல்லுக்கட்டி, நித்திரை, எல்லாம். பாதியிலயே சிரிப்பு நிண்டு போச்சு. என்ர மனுசன் குனிஞ்சு தரையைப் பாத்துக்கொண்டு இருந்தார். அண்ணை மேடைக் கதிரையில மெல்ல இருந்தார்.

பக்கத்து வயல்காரி எழும்பி மேடைக்கு வந்தாள். எனக்கு அடிக்கப் போறாள் எண்டுதான் நினைச்சன், அடிச்சால் நல்லது எண்டும் நினைச்சன். அவள் என்னைத் தாண்டிப்போய் அண்ணையின்ர காலடியில இருந்தாள்.

"மன்னிச்சிருங்க ஐயா. ஊருக்கு முன்னால உங்கள கேவலப்படுத்திட்டேன்."

"அழாதை பிள்ளை" எண்டுபோட்டு அவரும் அழுதார்.

அடுத்த கூட்டத்தில அவரைத் திரும்பவும் வேலைக்கு எடுத்திச்சினம். கருகின பயிருக்கு ஈடா அவளுக்கு நான் நெல்லுக் குடுத்தன், அவள் வாங்கினாள். வாய்க்கால் றோட்டால இப்ப அவர் சைக்கிளில வாறார், என்னைக் கண்டால் "என்ன தங்கச்சி" எண்டு கேக்கிறார். நெஞ்சிலயிருந்த பாரம் இறங்கிச்சுதோ எண்டு ரீச்சர் கேட்டா. அண்ணையைப் பொறுத்தவரை இறங்கிச்சு எண்டுதான் சொல்லவேணும்.

இந்தச் சிறுபோகம் பக்கத்து வயல்காரியின்ர முறை வாறபோது, அவள் மண்வெட்டியோட வந்து என்ர வரம்பில நிக்கிறாள். முந்தி ஒருநாளும் வாறேல்லை, பக்கத்தில அக்கா இருக்கிறாதானே எண்டு என்னை நம்பி விட்டிட்டுக் கூலிவேலைக்குப் போவாள். இப்ப அந்த நாள் கூலியும் இல்லை அவளுக்கு. நேற்றும் நிண்டாள், மண்டை பிளக்கிற வெயில். நான் தேத்தண்ணி கொண்டு போனன். குடிச்சிட்டுக் கோப்பையைக் கழுவித் தந்தாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க அக்கா" எண்டாள்.

தண்ணி ஓடி முடியுமட்டும் அவள் அந்த இடத்தைவிட்டு அசையேல்லை.