மிஸ்ஸி தனத்துக்கு எப்போதும் நேரம் இருந்தது

செய்தி வந்தபோது நான் மருந்தகக் குளிர்ப்பெட்டியில் இன்சுலின் பேனாக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கிளினிக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி: மிஸ்ஸி தனலெட்சுமி இன்று காலை காலமானார். அதன்கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எதனால், எங்கே, காலையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒருவரும் எழுதவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. அவர் மகளுக்குப் போன் செய்தேன். பட்டர்வொர்த் பக்கம் பாகான் டாலாம் வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கோப்பி கலக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டாராம். இதயம். "கோப்பி குடிச்சாங்களாம்மா?" என்று கேட்டேன். "பாதி குடிச்சிருந்தாங்க, ஆண்ட்டி," என்றாள். அதற்குப் பிறகுதான் இருவரும் அழுதோம்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் விரலை நீட்டியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஜார்ஜ்டவுனில் எங்கள் அரசாங்க கிளினிக்கில் மருந்தகத்துக்கு அடுத்த அறை இனிப்பு நீர் என்று நாங்கள் சொல்லும் நீரிழிவு நோயாளிகளுக்கானது. பினாங்கில் தாதியர் எல்லாருமே நமக்கு மிஸ்ஸிதான். ஆனால் எங்கள் கிளினிக்கில் வெறுமனே மிஸ்ஸி என்றால் அது அந்த அறையில் இருந்த தனம் அக்காதான். தினமும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வருவார். கனத்த உடம்பு, கனத்த குரல், எதைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் கண்கள்.

நோயாளி உட்கார்ந்ததும் அவர் சொல்வது ஒன்றுதான். "காலையிலருந்து சொல்லுங்க. எனக்கு நேரம் இருக்கு." நேரமா? வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பி, சுவரில் சாய்ந்துகொண்டு வேறு ஆட்கள் நிற்பார்கள். அவர்கள் திட்டுவது அவரை அல்ல. மருந்து கொடுக்கும் என்னைத்தான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கதவைத் திறந்து, "அக்கா, வெளிய ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க லா," என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவங்களுக்கும் இதே நேரந்தான் வச்சிருக்கேன், போ," என்றார்.

சூலியா தெருப் பக்கத்தில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் ஒருவருக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. மதியம் ஒரு கை சோறு, இரவு இரண்டு ரொட்டி, அதற்கு மேல் எதுவும் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. மிஸ்ஸி நம்பினார் என்றும் சொல்ல மாட்டேன். அவருக்கு அது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மதிய இடைவேளையில் என்னை இழுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனார். அடுப்படி தெரிகிற மேசையாகப் பார்த்து உட்கார்ந்தார். பாய் ஒவ்வொரு சட்டியாகக் கரண்டியை விட்டு, உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தார். தேத்தண்ணி கலக்குகிறவன் நீட்டிய கிளாஸில் ஒரு வாய் உறிஞ்சினார். நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவரும் எங்கள் அளவுக்குச் சாப்பிட்டிருந்தார்.

"பாய், இது சாப்பாடு இல்லையா?" என்று மிஸ்ஸி கேட்டார்.

"இது எப்படி மிஸ்ஸி சாப்பாடாகும்? இது வேலை," என்றார் அவர், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

திரும்பி வரும் வழியெல்லாம் மிஸ்ஸிக்கு ஒரே குஷி. "அவரு பொய் சொல்லல, பாத்தியா? நாமதான் கேள்விய மாத்திக் கேக்கணும்." அன்றிலிருந்து எல்லா நோயாளிகளிடமும் ஒரு கேள்வி கூடிவிட்டது: "சாப்பிட்டது போக, வாயில வேற என்ன பட்டுச்சு?" ருசி பார்க்கும் வேலையை பாய் தன் தம்பியிடம் கொடுத்தார். குழம்பில் உப்புக் கரிக்கிறது என்று வாடிக்கையாளர்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள்.

ஆனால் நான் அவருக்கு வாழ்நாள் கடன்பட்டது என் தம்பி விஷயத்தில்தான்.

தம்பி குணசேகரன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பேருந்து ஓட்டுகிறான். அவன், அவன் மனைவி சாந்தி, இரண்டு பெண் பிள்ளைகள், நான் என்று எல்லாரும் ஒரே வீடு. சில வருடங்களாக அவனுக்கு இனிப்பு நீர், இரவில் ஊசி. மாலையில் வேலை முடிந்து வந்து, தானே விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பான். திடீரென்று அந்த மாலைக் கணக்கு மட்டும் ஏறத் தொடங்கியது. எட்டுக்குள் இருக்க வேண்டிய எண் பதின்மூன்று, பதினாலு, பதினாறு என்று போனது. கிளினிக்கில் குத்தினால் நன்றாக இருக்கிறது. மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. வீட்டில் கெட்ட பிள்ளை, கிளினிக்கில் நல்ல பிள்ளை. ஏற்றமும் இறக்கமுமாகச் சேர்ந்து சராசரி நன்றாகத் தெரியலாம் என்று டாக்டர் நினைத்தார், அது நியாயமும்கூட. இரவு ஊசியைக் கொஞ்சம் கூட்டினார்.

அதன்பின் விடியற்காலையில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோய் அவனுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. ஒரு நாள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது கண் இருட்டிக்கொண்டு வர, எப்படியோ பேருந்தை ஓரம் கட்டினான். சட்டையெல்லாம் வியர்வை. பின்னால் இருந்த பெண்கள் இனிப்புப் பானம் ஒன்றைப் பிரித்துக் குடிக்க வைத்திருக்கிறார்கள். காரணம் தெரியும்வரை வண்டி எடுக்கக் கூடாது என்றார் டாக்டர். எத்தனை நாள் காத்திருப்பது, வேறு ஓட்டுநரைப் பார்க்கிறேன் என்றார் முதலாளி. ஊசியைக் குறைத்தால் மாலை எண் பயமுறுத்துகிறது. கூட்டினால் விடியலில் ஆள் விழுகிறான். ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடிக்கத் தெரியாதவன் என் தம்பி. அவன் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

வீட்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது: திருட்டுத்தனமாக இனிப்புத் தின்கிறான். சாந்தி சீனி டப்பாவை அரிசி வாளிக்குள் புதைத்தாள். அவன் சட்டைப் பைகளில் மிட்டாய்க் காகிதம் தேடினாள். "பொய் சொல்றாரு அண்ணி. வேற எப்படி ஏறும்?" என்று என்னிடம் அழுதாள். பயத்தில் பேசுகிறாள் என்று தெரிந்தது. ஆனால் குணாவுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலேயே அவன் காது சிவந்து காட்டிக் கொடுத்துவிடும்.

மிஸ்ஸியிடம் இதைச் சொன்னபோது, "பொய்யா நெசமான்னு கேக்கறது போலீஸ் வேலை. ஏன்னு கேக்கறதுதான் நம்ம வேலை," என்றார்.

அவரும் ஒன்றும் மந்திரக்கோல் வைத்திருக்கவில்லை. முதலில் தம்பியின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஒரே இடத்தில் குத்திக் குத்திச் சதை தடித்திருக்கிறது, அதனால்தான் என்றார். இடம் மாற்றிக் குத்தியும் மாலை எண் மாறவில்லை. அடுத்து, மருந்து வெயிலில் கெட்டிருக்கும் என்றார். அது வீட்டுக் குளிர்ப்பெட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை. அப்புறம், கருவியில் செருகும் சோதனைப் பட்டைகள் பழசாகியிருக்கும் என்று புதுசு கொடுத்தார். புதுசும் அதே பாட்டைப் பாடியது. ஒவ்வொரு முறை தப்பாகும்போதும் அவர் முகம் மலர்ந்தது. "இதுவும் இல்லையா? நல்லது. ஒண்ணு கழிஞ்சிச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அக்கா, அவனுக்கு வேலை போகப் போகுது. ஒங்களுக்கு வேடிக்கையா இருக்கா?" என்று கேட்டே விட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வேடிக்கை இல்ல லா. கோபப்பட்டா எனக்குக் கண்ணு தெரியாது. அதான் படறதில்ல."

பிறகு குணாவை உட்கார வைத்து, மறுபடியும் காலையிலிருந்து சொல்லச் சொன்னார். அவனும் சொன்னான். எழுந்தது, பசியாறியது, மதியம் சாப்பிட்டது, "சாயங்காலம் குளிச்சிட்டு, சாமி கும்பிட்டு, வெரலக் குத்துவேன் மிஸ்ஸி." இதை எத்தனையோ தடவை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். எல்லாரும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போனோம். மிஸ்ஸியும் தாண்டினார். அவர் வீட்டிலும் தினமும் விளக்கேற்றுகிறார்கள். சாமி கும்பிடுவதில் கேட்க என்ன இருக்கிறது? கடைசியில், "கேட்டுக் கேட்டு ஒண்ணும் ஆகல. நான் வந்தே பாக்கறேன்," என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, வழக்கமான ஃபெரியை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "நான் இல்லன்னு நெனச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுக் கூடத்து நாற்காலியை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குணா குளித்துவிட்டு வந்து திருநீறு பூசினான், விளக்கேற்றினான். அச்சு வெல்லம் ஒன்றை எடுத்து விரல்களால் நெரித்து உடைத்து, பிள்ளையார் முன்னால் வைத்தான். ஒரு துணுக்கைக்கூட வாயில் போடவில்லை. கண் மூடி வெகுநேரம் நின்றான். பிறகு விரல்களைக் கைலியில் துடைத்துக்கொண்டு சர்க்கரை பார்க்கும் கருவியோடு உட்கார்ந்தான்.

"இரு," என்றார் மிஸ்ஸி. அவர் குரல் தாழ்ந்து போயிருந்தது. "சாமிகிட்ட என்ன கேட்ட?"

குணாவின் காது சிவந்தது. "நம்பர் எறங்கணும்னுதான்."

"தெனமும் வெல்லமா?"

"ஆமா. மொதல்ல ஒரு நாளு நெசமாவே ஏறியிருந்துச்சு. அன்னிக்குத்தான் வேண்டிக்கிட்டேன். அதுக்கப்புறம் நம்பர் ஏற ஏற, மறுநாளு கொஞ்சம் பெரிய துண்டா வைப்பேன்."

மிஸ்ஸி அப்படியே குத்தச் சொன்னார். பதினைந்து. பின் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு, மற்ற கையின் விரலில் குத்தச் சொன்னார். ஏழு.

ஒரு பொட்டு ரத்தம். அதில் விரலில் ஒட்டிய வெல்லம் கலந்தால் கருவி என்ன செய்யும், பாவம். சோதிக்கும் முன் கை கழுவ வேண்டும் என்று அவனுக்குச் சொல்லித்தான் இருந்தார்கள். அவன்தான் குளித்தே விட்டானே. அதற்குப் பிறகு சாமியைத் தவிர வேறு எதையும் தொடவில்லை என்பது அவன் கணக்கு. எங்கள் எல்லாருடைய கணக்கும் அதுதான்.

மிஸ்ஸி சிரிக்கத் தொடங்கினார். நாற்காலி குலுங்கியது, கண்ணில் நீர் வழிந்தது. "அது ஒன் சக்கர இல்லடா தம்பி. பிள்ளையாரோட சக்கர," என்றார். குணாவும் சிரித்தான், பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சாந்தி உள்ளே போய் அரிசி வாளியிலிருந்து சீனி டப்பாவை எடுத்து, பழைய இடத்தில் வைத்தாள். அவனுக்குச் சீனியில்லாத கோப்பி ஒன்று கலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை மிஸ்ஸி டாக்டரிடம் இதைச் சொன்னார். வெல்லம் என்றால் என்னவென்று அந்தச் சீனத்துப் பெண் டாக்டருக்குத் தெரியவில்லை. நம்ம குலா மெலாக்கா, அந்தத் தென்னஞ்சர்க்கரை மாதிரி என்று விளக்கியதும் அவரும் மேசையில் தட்டிச் சிரித்தார். ஊசியைப் பழைய அளவுக்கு இறக்கி, சில வாரங்கள் பார்த்துவிட்டு, வண்டி எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். முதலாளி அதுவரை ஆள் மாற்றியிருக்கவில்லை. பிள்ளையாருக்கு இப்போதும் வெல்லம் உண்டு. சோதித்து முடித்த பிறகு.

மிஸ்ஸி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் குணாவுக்குப் பழக்கம் விடவில்லை. எண் கொஞ்சம் விசித்திரமாக இருந்தால் அவருக்குத்தான் போன். அந்தப் பக்கத்திலிருந்து வரும் குரல் சமையலறை வரை கேட்கும். "காலையிலருந்து சொல்லு."

இறுதிச் சடங்குக்குக் கிளினிக் ஆட்களை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி பாகான் டாலாமுக்குப் பேருந்து ஓட்டியது குணாதான். வீட்டுக்கு வந்து தலை முழுகினான். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினான், விரலைக் குத்தினான். பன்னிரண்டு. சாந்தி வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்து மூடிக்கொண்டாள். அவன் கை தன்னிச்சையாகப் போனை எடுத்து, பாதியில் நின்றது. "யாருக்குக்கா சொல்றது?" என்றான்.

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாளைக்குத் துவைக்க வேண்டிய துணி ஒரு கூடை கிடந்தது. நானோ பொறுமைக்குப் பேர் போனவள் அல்ல. என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். தனம் அக்காவின் அறிவோ சிரிப்போ எனக்கு வரப்போவதில்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரே ஒரு வாக்கியம்தான். அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து அவன் முன்னால் போட்டுக்கொண்டு அதைச் சொன்னேன்.

"காலையிலருந்து சொல்லு. எனக்கு நேரம் இருக்கு."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "காலையில ஒண்ணுமில்லக்கா. அங்க, மிஸ்ஸி மகதான் கோப்பி குடுத்துச்சு. சீனி போட்டிருந்துச்சு. அம்மா கலக்குற மாதிரியே கலக்கியிருக்கேன், குடிங்க மாமான்னு சொல்லிச்சு. எப்படி வேணாங்கறது?"

"அப்புறம்?" என்று கேட்டேன்.