ஹெல்மெட்டில் ஒரு பிசிறு

இனி உங்களோடு பைக்கில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு என் மனைவி பஸ்ஸில் வர ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இத்தனைக்கும் இரண்டு பேரும் போகிற இடம் ஒன்றுதான். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்காக, வெளியே தைக்கக் கொடுத்திருக்கும் பனியன்களை அந்தந்த ஷெட்டுக்கே போய் செக்கிங் செய்து கொடுக்கிறோம். பல்லடத்தில் ஒரு ஷெட், சாமளாபுரத்தில் ஒன்று, தென்னந்தோப்புகளுக்குள் போர்டே இல்லாமல் இன்னும் நான்கு. அளவு பார்ப்பதும் ஆட்களிடம் சண்டை போடுவதும் என் பொறுப்பு. கறை, ஓட்டை, தையல் விட்ட இடம் எல்லாம் அவள் கண்ணுக்குத்தான் தெரியும். ஒரே வீட்டிலிருந்து கிளம்பி நான் பைக்கில் போய்ச் சேர்வேன். அரை மணி நேரம் கழித்து அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வேர்க்க விறுவிறுக்க நடந்து வருவாள். ஷெட்டில் இருக்கிற அத்தனை பேரும் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

காரணம் கேட்டதற்கு ஒரே பதில்தான் வந்தது. "நான் பாட்டுக்குப் பேசீட்டே வர்றேன். நீங்க காதுலயே வாங்காம வர்றீங்க. உங்ககூட வண்டில வர்றதும் பனியன் மூட்டைகூட வர்றதும் ஒண்ணுதானுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஓடுகிற வண்டியில் காற்றும் லாரி ஹாரனும் இருக்கும்போது கத்திப் பேச வேண்டியது யார்? நான் சோமனூரில் வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடிய குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் உப்பு கேட்டால் தெருமுனைக்குக் கேட்கும். அவள் தறி இல்லாத வீட்டுப் பெண். பக்கத்தில் தூங்குகிற குழந்தை விழித்துக்கொள்ளும் என்பதுபோல் மெல்லப் பேசுவாள். தப்பு யார் பேரில் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இருந்தாலும் காலியான பின் சீட்டோடு போவது எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் பயமாக இருந்தது. இன்றைக்குப் பஸ், நாளைக்கு வேறு வேலை, அப்புறம் வீட்டிலும் பேச்சு இல்லை என்று ஆகிவிட்டால் என்ன செய்வது? இருபத்திரண்டு வருடம் கூடவே வந்தவள். எப்படியாவது அவளைத் திரும்ப வண்டியில் ஏற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அது எனக்கு வராது. ஹெல்மெட்டில் மாட்டிப் பேசிக்கொள்கிற இன்டர்காம் வாங்கினேன்.

அவிநாசி ரோட்டில் ஹெல்மெட் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் இரண்டு ஹெல்மெட்டிலும் அதைப் பொருத்திக் கொடுத்தார். பஞ்சுக்கு அடியில் காதுக்கு ஒன்றாக இரண்டு குட்டி ஸ்பீக்கர், வாய்க்கு நேரே ஒரு மைக், வெளிப்பக்கம் ஒரு பட்டன். ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளோட்டமாகப் பல்லடம் வரை போய் வந்தோம். "ஏனுங்க, கேக்குதுங்களா?" என்று அவள் பின்னாலிருந்து கேட்டது என் தலைக்குள்ளேயே உட்கார்ந்து கேட்டதுபோல் இருந்தது. "கேக்குது, கேக்குது, கத்தாதே" என்றேன். அவள் சிரித்தது கூடக் கேட்டது. திங்கட்கிழமையிலிருந்து வண்டியிலேயே வந்துவிடுகிறேன் என்றாள்.

புத்தியுள்ளவன் அதோடு விட்டிருப்பான். எனக்கு ஜிபிஎஸ் பெட்டி ஒன்றும் வேண்டியிருந்தது. தோப்புக்குள் இருக்கிற ஷெட்டுகளுக்கு ஒவ்வொரு முறையும் நான் வழி தவறுவேன். போனில் மேப் போட்டால், வெயிலில் அது சூடாகி அணைந்துவிடும். அணையாவிட்டால் சாயப்பட்டறைக்காரர் கூப்பிடுவார். அதனால் அதே கடையில் ஹேண்டில்பாரில் மாட்டுகிற பெட்டியை வாங்கி, ஷெட்டுகளை எல்லாம் அதில் குறித்து வைத்தேன். அதன் குரலை என் ஹெல்மெட்டோடு இணைத்துவிட்டால் திரையைப் பார்க்காமலே போகலாம்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த வேலையைத் தொடங்கினேன். எதிரே அவள் போனில் தங்கையோடு பேசிக்கொண்டே இரண்டு ஹெல்மெட்டையும் மடியில் வைத்துத் துடைத்துக் கொடுத்தாள். பட்டனை ஐந்து எண்ணும்வரை அழுத்தினேன். சிவப்பும் நீலமுமாகக் கண் சிமிட்டியது. இணைந்துவிட்டது என்று பெட்டியின் திரையில் எழுத்து வந்தது. வெற்றி என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

திங்கட்கிழமை கிளம்பினால் ஒரு சத்தமும் இல்லை. பெட்டியும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. "கேக்குதா?" என்றேன். பதில் இல்லை. "கேக்குதாங்கறேன்!" இன்னும் உரக்கக் கத்தினேன். முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. "தட்டுறத விட்டுப்போட்டு வாயத் தொறந்து பேசு!" என்றேன். அடுத்த பஸ் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தச் சொல்லித் தோளைப் பிடித்து உலுக்கினாள். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் சிவந்திருந்தது.

"கேக்குதுங்க, கேக்குதுங்கன்னு பத்துத் தடவ சொல்லீட்டேன். காதுல மிஷினை மாட்டிக்கிட்டும் கேக்காத மாதிரியே வந்தா நான் என்னங்க பண்றது?"

பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

பழியைப் பெட்டியின் மேல் போட்டேன். ஞாயிறு காலை நன்றாக இருந்தது, சாயங்காலம் பெட்டியை இணைத்தேன், திங்கள் காலை கெட்டுவிட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெட்டி பேசும்போது மற்ற பேச்சு நின்றுவிடும் என்று கூட வந்த காகிதத்தில் போட்டிருந்தது. பெட்டியும் பேசவில்லையே, பின் யார் யாரை நிறுத்தியது? இணைப்பை எடுத்துப் பார்த்தேன், மௌனம். திரும்ப இணைத்தேன், மௌனம். எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கினேன். நீல விளக்கு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் சிமிட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் இதே கூத்து. பனியன்களை அளக்கும்போது கூட மார்பளவு எது, உயரம் எது என்று குழம்பினேன்.

மூன்றாம் நாள் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் ஹெல்மெட்டை மாட்டிப் பெட்டியை இயக்கினார். கட்டைவிரலை உயர்த்தினார்.

"நல்லாத்தானே கேக்கு அண்ணாச்சி. நூறு மீட்டரில் திரும்பவும்னு சொல்லுதே."

வாங்கி மாட்டினேன். ஒன்றுமில்லை. அவர் மாட்டினார், கேட்டது. நான் மாட்டினேன், கேட்கவில்லை. மூன்று முறை ஹெல்மெட் கை மாறியது. "என் தலை பெருசா இருக்கறதால அழுத்தி ஆஃப் ஆகுதா?" என்று கூடக் கேட்டேன். அவர் என் தலையைப் பார்த்தார். பொருளை விற்றவர் கேட்கிறது என்றுதானே சொல்வார், என்னை முட்டாளாக்குகிறார் என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். வாசலில் நின்றதும் அவமானமாக இருந்தது. அந்த ஆள் பொய் சொல்கிறவர் மாதிரி தெரியவில்லை. அப்படியென்றால் என்னதான் நடக்கிறது? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மதியம் சாமளாபுரம் ஷெட்டில் டீ வந்த நேரம், அவளிடம் ஹெல்மெட்டை நீட்டினேன். "நீயே பாரு. எனக்கு மட்டும் கேக்க மாட்டேங்குது." என் குரலில் அழுகை இருந்திருக்க வேண்டும். மறுபேச்சில்லாமல் வாங்கி மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்ற பைக்கில் பெட்டியை இயக்கினேன்.

"பேசுதுங்க" என்றாள்.

அப்புறம் கழற்றி, ஒரு பனியனை உள்புறம் திருப்பிப் பார்ப்பதுபோல், பஞ்சையெல்லாம் பிரித்துத் திருப்பினாள். அவள் கழுத்தில் எப்போதும் ஒரு டிரிம்மர் தொங்கும், நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி. பிசிறு எங்கே தொங்கினாலும் அவள் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சட்டையில் நூல் தொங்கினாலும் அதை வெட்டிவிட்டுத்தான் அட்சதை போடுவாள். இப்போது அவள் விரல் பஞ்சுக்குள் ஓரிடத்தில் நின்றது. மெல்லிய கறுப்பு ஒயர் ஒன்று பாதியில் அறுந்திருந்தது. அறுந்த முனை சுத்தமாக, கொஞ்சம் சாய்வாக இருந்தது. அந்த வெட்டு யாருடையது என்று அந்த ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"அய்யோ, நான்தானுங்க" என்றாள். "அன்னைக்குத் தொடைக்கறப்ப வெளிய நீட்டீட்டு இருந்துது. கறுப்பு நூலுன்னு நெனச்சு வெட்டிப்போட்டனாட்ட இருக்குது. தங்கச்சிகூடப் பேசீட்டே கை போயிருச்சுங்க."

மூன்று நாள் கோபமும் ஒன்றாகக் கிளம்பியது. தையல்காரர்கள் எல்லாம் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்க்க, வாய்க்கு வந்தபடி கத்தினேன். கண்ணுக்கு ஒயரும் நூலும் ஒன்றாகத் தெரிகிறதா என்றேன். கடைக்காரரைத் திருடன் ஆக்கிவிட்டாயே என்றேன், ஆக்கியது நான்தான் என்பதை மறந்து. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, மெல்லக் கேட்டாள்.

"தப்பு என்னுதுதானுங்க. ஆனா நான் வெட்டுனது சோத்தாங்கைப் பக்கத்து ஒயரு. பீச்சாங்கைப் பக்கம் நல்லாத்தான இருக்குது? எனக்கும் அதுலதான கேட்டுது. உங்களுக்கு ஏனுங்க கேக்கல?"

அவள் என்னை வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துப் போய்ச் சுவரைப் பார்த்து நிற்கவைத்தாள். என் வலது காதை உள்ளங்கையால் இறுக்கி மூடினாள். இடது பக்கம் நின்று ஏதோ பேசுகிறாள் என்பது கன்னத்தில் பட்ட மூச்சில் தெரிந்தது. சொல் ஒன்றும் வரவில்லை. ஷெட்டே காலியாகிவிட்டதுபோல் இருந்தது.

தறி ஓடுகிற வீட்டில் யாருக்கும் காது தேவைப்படாது. சத்தத்தில் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வோம். நேருக்கு நேர் நின்று யார் பேசினாலும் எனக்குக் குறையே தெரிந்ததில்லை. போனை எப்போதும் வலது காதில் வைப்பதைப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். உதட்டைப் பார்க்க முடியாத இடம் எனக்கு ஒன்றுதான். ஓடுகிற வண்டியில், எனக்குப் பின்னால்.

அவளும் அதையேதான் கணக்குப் போட்டிருக்கிறாள். சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து வருகிறவள் இடது பக்கம் திரும்பித்தான் உட்காருவாள். என் இடது தோளுக்கு மேலாகத்தான் பேசுவாள். பனியன் கட்டு ஒன்றின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அப்ப நான் பேசுனது எதுவுமே உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"கேக்கலையாட்ட இருக்குது."

கழுத்தில் தொங்கிய டிரிம்மரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அஞ்சு வருசம் முந்தி, இதே ஊர்க் குளத்து ரோட்டுல போறப்ப உங்ககிட்ட ஒண்ணு கேட்டனுங்க. கம்பெனில சாம்பிள் செக்‌ஷனுக்கு இன்சார்ஜா வரச் சொல்றாங்க, போகட்டுங்களான்னு. பல்லடம் வரைக்கும் நீங்க வாயே தொறக்கல. எறங்குனதும் டீயா காப்பியான்னு கேட்டீங்க. சரி, இவுருக்குப் புடிக்கல போலன்னு வேண்டாம்னு சொல்லீட்டேன்."

அந்த நாள் எனக்கு ஞாபகத்தில் இல்லை. அதற்குப் பின் நான் பேசியது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, அவளை வைத்துக்கொண்டே, "இவ கண்ணுக்கு எத்தனையோ பெரிய வேலைக்குப் போயிருக்கலாம், முன்னேறணும்னு ஆசையே கெடையாது" என்று சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அவள் தலையைக் குனிந்து பரிமாறிக்கொண்டிருப்பாள். நானும் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். டீ ஆறிப்போனது.

காது டாக்டரிடம் போனோம். தறிச் சத்தமாக இருக்கலாம், சின்ன வயதில் சீழ் வந்திருக்கலாம், இன்னதென்று சொல்ல முடியாது, இடது காதில் போனது போனதுதான் என்றார். கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அது எனக்கு வரும் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் ஒயரைப் பற்றவைத்து, "இப்பம் பாருங்க அண்ணாச்சி" என்றார். பெட்டி கணீரென்று வலது காதில் பேசியது.

மறுநாள் அவள் வண்டியில் ஏறினாள். அவள் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் பெட்டி குறுக்கே வந்து திரும்பவும், திரும்பவும் என்றது. அது பேசினால் அவள் பேச்சு அறுந்துவிடுகிறது. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். ஓரமாக நிறுத்தி, மூன்று நாள் மல்லுக்கட்டிச் செய்த இணைப்பை நானே எடுத்துவிட்டேன். வழி தவறினால் தவறட்டும்.

சாமளாபுரம் குளத்து ரோட்டுக்கு வந்தோம். என்ன வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை. அந்த இன்சார்ஜ் வேலைக்கு வேறு ஆள் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் கேட்டவளுக்குப் பதில் வேண்டும்.

"போகட்டுமான்னு கேட்டியே. போ. கண்டிப்பாப் போன்னுதான் சொல்லியிருப்பேன்."

பதில் இல்லை. குளம் முடிந்தது, புளியமரங்கள் முடிந்தன. ஒயர் மறுபடி அறுந்துவிட்டதா? நீல விளக்கு சிமிட்டுகிறதா என்று கண்ணாடியில் பார்த்தேன். அவள் முகம் தெரியவில்லை, ஹெல்மெட்தான் தெரிந்தது. அத்தனை தூரம் பதிலுக்குக் காத்துக்கொண்டு வண்டியில் போவது எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பல்லடம் நெருங்கும்போது தாங்க முடியாமல் கேட்டேன்.

"கேக்குதா?"

வலது காதில், மெல்ல, மூக்கை உறிஞ்சுகிற சத்தத்துக்குப் பின் வந்தது.

"கேட்டுதுங்க."