தீம் பார்க்குக்கு ஓர் ஒத்திகை

அவளை எல்லோரும் மைக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையத்தின் அறிவிப்பு அறையில் உட்கார்ந்து, எந்த ஊர் வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பது அவள் வேலை. கண்ணாடி ஜன்னல், ஒரு மேசை, தண்ணீர் பாட்டில், ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் அவள் குரல் நிலையம் முழுக்கக் கேட்கும். குரலில் பதற்றம் தெரியவே கூடாது. அந்த விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வண்டி அறிவிப்புகளுக்கு நடுவே இன்னொரு வகை அறிவிப்பும் உண்டு. யாராவது ஒரு தாயோ தகப்பனோ மூச்சிரைக்க ஜன்னலில் வந்து விழுவார்கள். பிள்ளையைக் காணோம். வயது என்ன, என்ன சட்டை போட்டிருக்கிறது என்று இவள் கேட்பாள். பாதிப் பேருக்குச் சட்டையின் நிறம் சொல்லத் தெரியாது. நீலம் என்பார்கள், உடனே பச்சையோ என்பார்கள். பெற்ற பிள்ளைக்கு என்ன உடுத்திவிட்டோம் என்று கூடவா தெரியாது என்று இவளுக்கு உள்ளுக்குள் எரிச்சல் வரும். காட்டிக்கொள்ள மாட்டாள். அறிவிப்பாள். கொஞ்ச நேரத்தில் தின்பண்டக் கடை வாசலில் பிள்ளை கிடைக்கும். அடியும் முத்தமும் மாறி மாறி வாங்கும்.

ஒரு தடவை மட்டும் அப்படி நடக்கவில்லை. நல்ல மழை. ஒருவர் மகளைக் காணோம் என்று வந்தார். இவள் திரும்பத் திரும்ப அறிவித்தாள். வேலை நேரம் முடிந்து இவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோதும் அந்த மனிதர் ஜன்னலோரம் நனைந்தபடியே நின்றார். மறுநாள் வந்து விசாரித்தாள். பிள்ளை கிடைத்துவிட்டது என்றார் ஒருவர். இல்லை, போலீஸ் அவரைக் கூட்டிப்போனது என்றார் இன்னொருவர். என்ன ஆனதென்று இவளுக்குத் தெரியாமலே போய்விட்டது.

அதனால்தான், கணவர் ஒருநாள் சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல், "இந்த லீவுக்கு தீம் பார்க் போறோம், டிக்கெட் போட்டாச்சு" என்று அறிவித்தபோது, மகள் கட்டிலில் ஏறிக் குதிக்க, இவள், "அங்க கூட்டம் எவ்வளவு இருக்கும்?" என்றுதான் கேட்டாள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். எதையும் லேசாக எடுத்துக்கொள்ளும் ஆள். மகளுக்கு வீட்டில் சுண்டு என்று பேர். இரண்டாம் வகுப்பு. அப்பாவும் மகளும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்து போனில் அந்தப் பார்க்கின் வீடியோவைப் பார்த்தார்கள். தலைகீழாகப் போகும் வண்டி, தண்ணீரில் சறுக்கும் படகு, குகைக்குள் நுழையும் குட்டி ரயில்.

"அம்மா, இங்க வாயேன்! அந்த மாமா கத்துறதப் பாரு!"

இவள் வந்து எட்டிப் பார்த்தாள். வண்டியையோ படகையோ அவள் பார்க்கவில்லை. கீழே நகர்ந்துகொண்டிருந்த தலைகளைப் பார்த்தாள். எத்தனை தலைகள்! அதில் சுண்டு உயரத்துக்கு இருப்பவர்கள் கண்ணிலேயே படவில்லை.

அன்றிலிருந்து திட்டம் போட ஆரம்பித்தாள். பார்க்கின் வரைபடத்தைப் போனில் பெரிதாக்கி, வாசல் எது, வெளியேறும் வழி எது, கழிப்பறைக்கு எத்தனை கதவு என்று பார்த்தாள். மூவருக்கும் பளிச்சென்ற ஆரஞ்சு டீ ஷர்ட் வாங்கலாம் என்றாள்.

"நாம என்ன ரோடு போடுற ஆளுங்களா?" என்றார் கணவர்.

"சிரிங்க, சிரிங்க. உங்களுக்கு எல்லாம் விளையாட்டுதான்."

சுண்டு பல் துலக்கும்போது இரண்டு போன் நம்பரையும் ஒப்பிக்க வேண்டும். வாயில் நுரையோடு ஒப்பிப்பாள். அதன் பிறகு சட்டங்கள் வந்தன. அம்மாவைக் காணோம் என்றால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. முக்கியமாக, அழவோ கத்தவோ கூடாது.

"ஏம்மா அழக் கூடாது?"

"அழுற பிள்ளைகிட்டதான் கெட்டவங்க மொதல்ல வருவாங்க. பெரியவங்ககூட வந்த பிள்ளை மாதிரி சும்மா நிக்கணும். புரியுதா?"

சுண்டு தலையாட்டினாள். குதிப்பது மெல்ல மெல்ல நின்றது. சாப்பிடும்போது ஒருநாள் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அப்பா, அங்க ஒளிஞ்சுக்க இடம் இருக்கா?"

கணவர் இவளை நிமிர்ந்து பார்த்தார். மகள் கை கழுவப் போனதும் குரலைத் தாழ்த்தி, "நீ பிள்ளைய பார்க்குக்குத் தயார் பண்றியா, சண்டைக்கா?" என்றார். "அவ பயந்து போயிருக்கா."

"பயம் இருந்தா தப்பிச்சுக்குவா. நான் பார்த்ததை நீங்க பார்த்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க."

அந்த வாரம் அவளுக்கு விடுமுறை வந்த நாளில், கணவர் கடைக்குப் போன பிறகு, சுண்டுவைக் கூட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனாள். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னதையெல்லாம் பிள்ளை செய்கிறாளா என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள். அந்த இடத்தில் ஒவ்வொரு தூணும் அவளுக்கு அத்துப்படி. பயப்பட என்ன இருக்கிறது?

ஒரு தூணுக்குப் பக்கத்தில் மகளை நிறுத்தினாள்.

"அம்மா கொஞ்ச நேரம் மறைஞ்சுக்குவேன். நீ தொலைஞ்சு போயிட்டன்னு வெச்சுக்கோ. என்ன பண்ணுவ?"

"இங்கயே நிப்பேன்."

"அழுவியா?"

"மாட்டேன்."

"கத்துவியா?"

"மாட்டேன்."

எதிரே இருந்த பத்திரிகைக் கடைக்குப் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தாள். சுண்டு கையைக் கட்டிக்கொண்டு சிலை மாதிரி நின்றாள். இவளுக்குப் பெருமையாக இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டாள். அப்போது இரண்டு வண்டிகள் அடுத்தடுத்து வந்து நின்றன. மூட்டையும் பெட்டியுமாக ஜனங்கள் இறங்கி இருவருக்கும் நடுவே புகுந்தார்கள். கூட்டம் விலகியபோது தூண் இருந்தது. பிள்ளை இல்லை.

முதலில் நம்பவில்லை. தூணைச் சுற்றி வந்தாள். அடுத்த தூண், அதற்கடுத்த தூண். பிறகு ஓடினாள். நடைமேடையின் கோடி வரை ஓடி, திரும்பி அதே வழியில் ஓடி வந்தாள். தினம் பார்க்கும் இடம் திடீரென்று முன்பின் பார்க்காத ஊராகிவிட்டது. கிளம்பும் ஒவ்வொரு வண்டியும் மகளை ஏற்றிக்கொண்டு போவதாகத் தோன்றியது. அறிவிப்பு அறையின் ஜன்னலில் போய் விழுந்தாள்.

உள்ளே அன்றைய வேலையில் இருந்தவரை அவள் அண்ணா என்று கூப்பிடுவாள். அவர் பதறி எழுந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"சுண்டு... சுண்டுவைக் காணோம் அண்ணா."

"என்ன சட்டை?"

அவள் வாயைத் திறந்தாள். காலையில் தலை சீவியது நினைவிருந்தது. பொத்தான் போட்டுவிட்டது விரலில் நினைவிருந்தது. நிறம் மட்டும் வரவில்லை. "மஞ்சள்... இல்ல, இல்ல..." என்று ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

அண்ணா அதற்கு மேல் கேட்கவில்லை. பொத்தானை அழுத்தி, சுண்டு என்கிற பெண் பிள்ளை எங்கிருந்தாலும் அறிவிப்பு அறைக்கு வரும்படி சொன்னார். மறுபடி சொன்னார். யாரும் வரவில்லை. மழையில் நின்ற அந்த மனிதரின் முகம் இவள் கண்முன் வந்தது. தான் நிற்பதும் அவர் நின்ற அதே இடம்தான்.

அப்போது தரை கழுவும் பெண் ஒருத்தி, கையில் துடைப்பத்தோடு ஜன்னலுக்கு வந்தாள்.

"ஒரு பிள்ளை பார்சல் மூட்டைக்குப் பின்னாடி நிக்குதுங்க. தண்ணி ஊத்தணும்னு நான்தான் தள்ளி நிக்கச் சொன்னேன். இப்ப கூப்பிட்டா வர மாட்டேங்குது. பேரு கேட்டாலும் சொல்லல."

தூணிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. அடுக்கிய மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே சுண்டு நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை. கைகளை அப்படியே கட்டியிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. அவள் அழவில்லை. காற்சட்டை நனைந்து கால் வழியே ஈரம் இறங்கியிருந்தது.

"சுண்டு! அம்மா இந்தப் பக்கம்தானே ஓடுனேன், நீ பார்க்கலையா?"

"பார்த்தேன். ரெண்டு தடவ போன."

"அப்ப ஏன்டி கூப்பிடல?"

"கத்தக் கூடாதுன்னு நீதானே சொன்ன." பிறகு மிக மெதுவாக, "நான் பாஸாம்மா?" என்றாள்.

மைக்கு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அம்மா அழுவதைப் பார்த்த பிறகுதான், இனி அழலாம் போலிருக்கிறது என்று சுண்டுவும் வாய்விட்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்த கணவரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கோபப்பட்டால் தேவலை என்றிருந்தது. அவர் கோபப்படாமல் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"டிக்கெட்டக் கேன்சல் பண்ணிடவா?" என்று கேட்டார்.

"வேண்டாம். இப்ப போகலன்னா அவ இனி எங்கயுமே போக மாட்டா. நானும்தான்."

ஆனால் சுண்டுவுக்குப் போக விருப்பமில்லை. பார்க் என்ற பேச்சை எடுத்தாலே தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். போட்ட சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது. போடுவதைவிடக் கழற்றுவது கஷ்டம். "அம்மா தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன். என்னைக் காணோம்னா கத்தணும்" என்றாள் மைக்கு. பிள்ளை நம்பவில்லை. "எங்க, இப்பக் கத்து பார்ப்போம்." சுண்டு முனகினாள். அப்பா கத்திக் காட்டினார். அம்மா கத்தினாள். நாள் முழுக்க மைக்கில் இழுத்துப் பிடித்து வைத்திருந்த குரல், விட்டதும் கூரையைப் பிய்த்தது. பக்கத்து வீட்டுக்காரர் வெறும் பனியனோடு ஓடிவந்து கதவைத் தட்டினார். சுண்டு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

போனார்கள். ஆரஞ்சுச் சட்டை இல்லை. மைக்குவின் பயம் கூடவே வந்தது. பாதி நாள் அவள் மகளின் பின்கழுத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பிடித்த பிடியில் சுண்டுவின் விரல் சிவந்துவிட்டது. "வலிக்குதும்மா" என்றபோது தளர்த்தினாள், அடுத்த நிமிஷம் மறுபடி இறுக்கினாள்.

மதியத்துக்கு மேல் குட்டி ரயில். ஒரு பெட்டியில் இரண்டு பேர்தான் உட்காரலாம். "நான் அப்பாகூடப் போறேன்" என்றாள் சுண்டு. மைக்கு கையை எடுத்தாள். எடுக்க நேரம் பிடித்தது.

ரயில் குகைக்குள் நுழைந்தது. கடைசிப் பெட்டியும் இருட்டுக்குள் போனது. அவள் வெளியே வரும் வாயில் பக்கம் போய்த் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. எது தன் பிள்ளையின் குரல் என்று பிரிக்க முடியவில்லை. பிறகு அந்தக் கூச்சலும் நின்றது. அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். அவள் பிடித்திருந்த இடத்தில் கம்பி வியர்வையில் ஈரமாகிவிட்டது.

ரயில் வந்தது. மூன்றாவது பெட்டியில் சுண்டு, அப்பாவின் காதைப் பிடித்து இழுத்து எதையோ மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா நிற்கும் இடத்தைத் தாண்டியே போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.