மருந்துத் தண்ணியில் முங்கிய சாவி

"டாக்டரம்மா கார் தொறக்க மாட்டேங்குதுங்க. தடுப்பு மருந்துப் பெட்டி உள்ள கெடக்குது. வெயில் ஏறீட்டே இருக்குது. கொஞ்சம் வெரசா வாங்க."

எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் குப்புசாமி போனில் இப்படிச் சொன்னபோது, நான் நாமக்கல் பட்டறையில் ஒரு டிரெய்லர் ஒயரிங்கைப் பிரித்துப் போட்டிருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டு பைக்கை எடுத்தேன்.

நான் ஆட்டோ எலக்ட்ரீசியன். லாரி செல்ஃப் மோட்டாரில் தொடங்கியவன். பட்டன் அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும் கார்கள் வந்தபோது, எங்கள் லைனில் பலர் "நமக்கெதுக்கு அந்தத் தலைவலி" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் திமிர் அதிகம். கரண்ட் ஓடுகிற எதுவும் என் கைக்கு அடங்கித்தான் ஆகவேண்டும் என்று நினைப்பேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் அந்தத் திமிர் கொஞ்சம் இருக்கட்டும்.

கேட்டில் நடந்தது

கோழிப்பண்ணைக்குள் சும்மா நுழைந்துவிட முடியாது. நோய் தொற்றாமல் இருக்க, வண்டிக்கு மருந்து அடிப்பார்கள். ஆட்கள் மருந்துத் தொட்டியில் காலை நனைத்துவிட்டுத்தான் போகவேண்டும். அன்றைக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். பக்கத்துப் பண்ணையில், கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்துவிட்டது. குப்புசாமியின் கொட்டகை நிறையக் குஞ்சுகள். ஒவ்வொன்றின் கண்ணிலும் சொட்டு விட வேண்டிய மருந்துதான் பூட்டிய காருக்குள் இருந்தது. சூடு ஏறினால் அது வெறும் தண்ணீர்.

கேட்டில் மருந்து வாளியோடு நின்ற பண்ணை ஆள் மாரி என் பையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்குரூ டிரைவரெல்லாம் குடுங்கண்ணா, முக்கித் தாரேன்."

எனக்குப் பொறி தட்டியது. "டாக்டரம்மா சாவியையும் முக்குனியா?"

"பின்ன? எத்தன பண்ண சுத்தீட்டு வந்த சாவியோ. நல்லா ஊற வெச்சுத்தான் குடுத்தேன்."

"போனு?"

"போன எப்புடிங்க முக்கறது, கெட்டுப் போயிருமுல்ல. துணியில தொடச்சேன்."

அவருக்குச் சாவி என்றால் இரும்பு. இது ரிமோட், இதற்குள் பேட்டரியும் சர்க்யூட்டும் இருக்கும் என்று அவரிடம் யார் சொன்னார்கள்? தடுப்பு மருந்து கொண்டுவந்த கால்நடை டாக்டர் கவிதா, காரைக் கொட்டகையோரம் நிறுத்திவிட்டுக் காலை நனைக்கக் கேட்டுக்கு நடந்ததும், அது தானாகவே பூட்டிக்கொண்டிருக்கிறது. அதன்பிறகுதான் சாவி வாளிக்குள் போயிருக்கிறது.

திறப்பதற்கு முன்னால்

கார் குஞ்சுக் கொட்டகையை ஒட்டி நின்றது. நான் சாவியின் பக்கவாட்டுக் கிளிப்பை அமுக்கி, உள்ளே ஒளிந்திருந்த சின்ன இரும்புச் சாவியை உருவினேன்.

"இதுக்குள்ள சாவி இருக்கா? இத்தனை நாளா எனக்குத் தெரியாதுங்க" என்றார் டாக்டர்.

கைப்பிடி ஓரத்து மூடியை நெம்பி எடுத்ததும் சாவித்துளை தெரிந்தது. குப்புசாமி முகத்தில் உயிர் வந்தது. நான் சாவியைத் துளைக்குள் விட்டேன், ஆனால் திருப்பவில்லை.

"ஏனுங்க நிறுத்தீட்டீங்க?"

"இப்புடித் தொறந்தா கார் நம்மளத் திருடன்னு நெனச்சுக்கும். சைரன் அடிக்கும்."

குப்புசாமி குறுக்கே வந்து நின்றார். "சாமி, சைரன் மட்டும் வேண்டாம். குஞ்சு மெரண்டா மூலையில போயி ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். அடியில கெடக்கறது அத்தனையும் மூச்சு முட்டிச் செத்துரும்."

"கண்ணாடியை உடைச்சிடலாமா?" என்று டாக்டர் கேட்டார். அதற்கும் அலாரம் அடிக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றலாம் என்றால், பானெட் லீவர் காருக்குள் இருக்கிறது. ஸ்பேர் சாவி ஓமலூரில் அவர் வீட்டில். அது வந்து சேர்வதற்குள் மருந்து போய்விடும்.

மிச்சம் ஒரே வழி. ரிமோட்டின் பேட்டரி செத்தாலும் உள்ளே இருக்கும் சிப் தனியாக வேலை செய்யும். ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டிப் பிடித்தால் கார் அதை அடையாளம் கண்டுகொள்ளும். இன்ஜின் ஓடிவிட்டால் சைரன் அடிக்காது. இந்த மாடலில் கதவைத் திறந்த உடனே சைரன் அடிக்காது, சில நொடி அவகாசம் உண்டு. ஆனால் ஊறிப்போன சிப்புக்கு உயிர் இருக்கிறதா என்று வெளியே நின்று சொல்ல முடியாது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. குப்புசாமியின் துண்டை வாங்கி, ரிமோட்டைப் பிரித்துத் துடைத்தேன், ஊதினேன், மறுபடி துடைத்தேன்.

"அடிச்சாலும் அடிக்கலாமுங்க. என்ன பண்ணட்டும்?" என்று கேட்டேன். பண்ணை அவருடையது.

அவர் கொட்டகையை ஒருமுறை பார்த்தார். "மருந்து போடாட்டி எப்புடியும் போயிரும். தொறங்க சாமி."

திருப்பினேன். சீட்டில் விழுந்தேன். பிரேக்கை மிதித்து, ரிமோட்டைப் பட்டனோடு ஒட்டி அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்கியது. ரிமோட்டைப் புரட்டி மறுபக்கத்தை வைத்து அமுக்கினேன்.

இன்ஜின் பிடித்தது.

கொட்டகைக்குள் அதே கீச்சுக்கீச்சுச் சத்தம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டாக்டர் பெட்டியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். "ஐஸ் இருக்குங்க!" என்று கத்தியேவிட்டார். குப்புசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கோ அந்தக் கணத்தில் இந்த ஜில்லாவிலேயே என்னை மிஞ்சிய எலக்ட்ரீசியன் கிடையாது என்று தோன்றியது. இப்போதும் அந்த எண்ணத்தை முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை.

மாரி மேல் யாரும் கோபப்படவில்லை. இப்போது அவர் ரிமோட்டுகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வாய் கட்டி, கவரை மட்டும் முக்குகிறார். அவரே கண்டுபிடித்த முறை அது.

இதில் கற்றுக்கொண்டது இதுதான். பூட்டைத் திறக்கத் தெரிந்தால் போதாது. திறந்த அடுத்த நொடி என்ன நடக்கும், அது யாரைப் பாதிக்கும் என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.

சில மாதம் கழித்து, பட்டறையில் ஆட்கள் நிறைந்திருந்த நேரத்தில் குப்புசாமி கூப்பிட்டார். வண்டியில் கோளாறு எதுவும் இல்லையாம். "அந்தக் குஞ்சுக பூராவும் முட்டைக்கு வந்துருச்சுங்க சாமி" என்றார்.

"சரியாக் கேக்கலீங்க, இன்னொருக்காச் சொல்லுங்க" என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன்.