சட்டை அட்டையில் வரைந்த அல் கூஸ்

அமெரிக்காவில் இருக்கும் மகள் நேற்று போனில் ஒரு படம் அனுப்பினாள். அங்கே ஏதோ மியூசியத்தில் மாட்டியிருக்கிறதாம். அந்தக் காலத்து அமெரிக்க நகரம் ஒன்றின் ஏழைத் தெரு. புழுக்கம் தாங்காமல் ஜன்னலிலும் இரும்புப் படியிலும் கிடக்கும் சனங்கள், கொடி நிறையத் துணி. வரைந்தவர் ஒருத்தரைக்கூட அழகாக்கவில்லை. அட, இது நம்ம யோகராசா கை மாதிரியல்லவா இருக்கிறது என்று தோன்றிவிட்டது எனக்கு.

யோகராசாவை உங்களுக்குத் தெரியாதே! எண்பதுகளில் துபாய் அல் கூஸில் ஒரு கம்பெனி கேம்ப், ரூமுக்கு எட்டுப் பேர். நான் திருச்சிக்காரன், டிராப்ட்ஸ்மேன். எனக்கு மேல்கட்டிலில் அவன், யாழ்ப்பாணத்துக்காரன், ஸ்டோர் கீப்பர். புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டையைச் சேர்த்துவைத்து, அதில் பென்சிலால் எங்களையே வரைவான்.

ஒருநாள் வெள்ளிக்கிழமை பாத்ரூம் வரிசையை வரைந்தான். நடுவில் நான்: கிழிந்த பனியன், கையில் வாளி, கொட்டாவியில் பிளந்த வாய்.

"ஏம்பா, கொஞ்சம் பார்க்கிற மாதிரி போடக்கூடாதா?"

"இருக்கிறதைத்தானே அண்ணை கீறுறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான இருபதாம் நாள் விமானம் ஏறியவன் நான். தனி ரூம், ஏசி, ஆபீஸ் கார் என்று மனைவிக்கு இஷ்டத்துக்கு அளந்துவிட்டிருந்தேன். லீவில் ஊருக்குப் போகிறவர் கையில் கடிதம் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். அதற்காகவே மானேஜர் காரில் சாய்ந்து, இரவல் கூலிங் கிளாஸோடு ஒரு போட்டோ எடுத்தேன். அது மடங்காமலிருக்க, கட்டிலில் கிடந்த அட்டை ஒன்றை அவசரத்தில் கவருக்குள் சொருகி ஒட்டி, அன்றிரவே விமானம் ஏறியவரிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் யோகராசா கேட்டான்: "அண்ணை, நீங்கள் லைன்ல நிண்ட படத்தைக் கண்டனீங்களோ?"

நான் கவருக்குள் சொருகிய அட்டை அதுதான்! கவர் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். பொய்யும் நிஜமும் ஒன்றாக! இனி அந்தப் பெண் என் பேச்சில் எதை நம்புவாள்? ஒன்றரை மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதில் கேசட்டாக வந்தது. ரூமுக்கே ஒரு டேப் ரெக்கார்டர்தான். எட்டுப் பேருக்கும் கேட்காமல் எப்படிப் போடுவது? அத்தனை பேர் நடுவில் அவள் குரல்.

"கார்கிட்ட நிக்கிறது யாருன்னே தெரியலைங்க. வாளியோட கொட்டாவி விடறதுதான் நீங்க. அதைப் பார்த்து அழுதுட்டேன். அப்புறம் சிரிப்பு வந்துடுச்சு. இனிமே பொய் எழுதாதீங்க. என்ன சாப்பிடறீங்களோ, அதையும் இதை வரைஞ்ச அண்ணன்கிட்டயே வரைஞ்சு அனுப்பச் சொல்லுங்க."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை. கேசட்டைக் கேட்டு என்னைக் கேலி செய்தவர்களே அடுத்த வெள்ளியன்று ஆளுக்கொரு அட்டையோடு யோகராசா முன்னால் நின்றார்கள். "பொக்கை வாயையும் சேர்த்துப் போடு தம்பி" என்றார் சமையல்காரர்.

அந்தக் கேம்ப் இப்போது இல்லை. யோகராசா எந்த நாட்டில் இருக்கிறானோ, முகவரி தொலைந்துபோயிற்று. அவன் வரைந்ததெல்லாம் அவரவர் ஊருக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டு அட்டையை மனைவி கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். கார் போட்டோவைத்தான் காணோம். எங்கே என்று ஒருநாள் கேட்டேன்.

"யாரோ ஒருத்தர் போட்டோவை நான் எதுக்குங்க வச்சுக்கணும்?" என்றாள்.