கொண்டைக்கு மேல் அளந்த உயரம்

தல்வினாவைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது அவளுடைய மரப்பெட்டியைத்தான். பிரேசிலின் சால்வதோர் நகரத்து மலைச்சரிவில் இருக்கும் எங்கள் பள்ளியில் பத்தொன்பது வருடமாகச் சமைக்கிறாள். அந்தப் பெட்டிமேல் ஏறி நின்றால்தான் பீன்ஸ் அண்டாவுக்குள் அவள் கரண்டி எட்டும். இதே பள்ளியில் படித்தவள் அவள். அப்போது அவள் உயரத்தை அளந்து கொடுத்த சீட்டில் "நல்ல வளர்த்தி" என்று எழுதியிருந்தார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு எரிச்சல்தான் வரும்.

வருடத்துக்கு ஒருமுறை நகராட்சியிலிருந்து உயரம் அளக்க ஆள் வருவார். வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளுக்கு அந்த வருடம் முழுக்கக் காலையில் பாலும் முட்டையும் உண்டு. மற்றவர்களுக்கு மதியம் ஒரே தட்டு, அவ்வளவுதான். வெள்ளைக் கோட்டுக்காரர் முன்னால் பிள்ளை பரட்டையாக நிற்கக் கூடாது என்று எங்கள் கறுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து சுருட்டை முடியைப் பின்னி, உச்சியில் கொண்டையாகச் சுற்றி, மணி கோத்து அனுப்புவார்கள்.

போன மார்ச்சில் அளக்க வந்தவன் இளைஞன். வரிசையில் ரொட்டிக்கடைக்காரர் மகன் வந்தான், வெள்ளைப் பையன். அவனுடைய நேர்முடியை விரலால் படிய வைத்து, பலகை மண்டையில் படும்படி இறக்கி அளந்தான். அடுத்து நயாரா. ஒன்பது வயது, பார்த்தால் ஆறு என்பார்கள். வெறும் வயிற்றோடு வந்து முதல் பாடவேளையிலேயே மேஜையில் தலை சாய்ப்பவள். அவள் முடியில் இவன் விரல் படவே இல்லை. கொண்டைமேல் பலகையை வைத்து, "நூத்தி இருபத்து மூணு. சரியான உயரம்" என்றான். வகுப்பு ஆசிரியை நானும் அதை அப்படியே நோட்டில் எழுதினேன். எத்தனை வருடம் இப்படி எழுதியிருக்கிறேன் என்று நினைத்தால் என் கையை நானே ஒடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தட்டு அடுக்க வந்த தல்வினா பார்த்துவிட்டாள்.

"தம்பி, புள்ளைய அளந்தியா, கொண்டைய அளந்தியா?"

"இவங்க முடி அப்படித்தாம்மா. ஒவ்வொண்ணா அவுத்துக்கிட்டிருந்தா சாயங்காலம் ஆயிடும். இவங்க உடம்புவாகே சின்னதுதானே."

"அதுக்குப் பேரு உடம்புவாகு இல்ல, பசி. பொட்டிமேல ஏறி நின்னு கிண்டுறேனே, எனக்கும் உடம்புவாகுதானா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் நோட்டைப் பார்த்தேன். வெட்கக்கேடு.

நயாரா கொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அவுக்காதீங்க. அம்மா நேத்தெல்லாம் தூங்காம பின்னிச்சு."

"ஒரு மணிகூட உதிராது, கண்ணு."

தல்வினா கையிலிருந்த மரக்கரண்டியின் காம்பைக் கொண்டைக்கு அடியில் நுழைத்து, மண்டையில் பட மட்டமாக வைத்து, சுவரிலிருந்த அளவுகோலில் முனையை முட்டினாள்.

"இப்பப் படி."

"நூத்தி... பதினேழு."

"அடிச்சுட்டு எழுதுங்க டீச்சர். புள்ளைக்குப் பால் உண்டு."

ஏற்கெனவே அளந்து அனுப்பிய பிள்ளைகளையும் திரும்ப வரவழைத்தாள். கொண்டை போட்ட ஒவ்வொரு தலைக்கும் அந்தக் காம்புதான். பால், முட்டைப் பட்டியலில் நான்கு பேர் இருந்த இடத்தில் இருபத்து மூன்று பேர் ஆனார்கள். அதற்குள் அண்டா அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை வராந்தா வரை வந்துவிட்டது. தலைமையாசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"தல்வினா, அடுப்ப விட்டுட்டு இங்க என்ன வேலை? உன்மேல புகார் எழுதப் போறேன்."

"எழுதுங்கம்மா. அதுலயே என் உயரத்தையும் எழுதிடுங்க. நான் படிக்கிறப்ப இந்த ஸ்கூல்ல எழுதினது தப்பு."